வரியை முறிப்பது யார்?

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



'அச்சுநூலா, மின்னூலா?' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இவ்வட்டம் தொடங்கிய நாளில் கேட்டிருந்தால் ஒரே சொல்லில் விடையிறுத்திருப்பேன். அன்று என் கண்கள் நன்றாக இருந்தன. இன்றோ, கண்ணாடியால் தீராத குறை என்று மருத்துவர் கூறிவிட்டார். என் அலமாரியிலுள்ள கவிதை நூல்களின் எழுத்துகள் எறும்பு வரிசையாகத் தெரிகின்றன.

பேத்தி ஒரு மின்னூல் கருவி வாங்கித் தந்தாள். அதில் எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கிக்கொள்ளலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இலவசமாக வழங்கும் பழந்தமிழ் நூல்களை அதில்தான் மீண்டும் படித்தேன், நாவல்களும் படித்தேன். அக்கருவி எனக்குச் செய்த உபகாரம் பெரிது. அதை மறைக்க மாட்டேன்.

இடர்ப்பாடு கவிதையில் வந்தது. எழுத்தைப் பெரிதாக்கினேன், வரிகள் உடைந்தன. திரையின் அகலம் முடியும் இடத்தில் கருவி தானே வரியை முறித்து, எஞ்சிய சொல்லைக் கீழே தள்ளிவிடுகிறது.

குறளுக்கு இதனால் கேடில்லை. நாற்சீரும் முச்சீருமாய் அமைந்த ஈரடி, திரையில் நான்கைந்து வரிகளாகச் சிதறினாலும், தளையும் எதுகை மோனையும் அதைச் செவியில் ஒன்றுசேர்த்துவிடுகின்றன. ஓலைச்சுவடியிலும் செய்யுளை அடி பிரிக்காமல், பெரும்பாலும் புள்ளியும் இடாமல், தொடர்ந்தே எழுதிச் சென்றனர். அத்தகைய ஏடுகளிலிருந்தே உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அடியைக் காத்தது யாப்பு. அதைக் கண்ணுக்குக் காட்டியது அச்சு.

புதுக்கவிதையின் நிலை வேறு. 1959இல் சி.சு.செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழ் வளர்த்த அக்கவிதை, யாப்பைத் துறந்து அச்சுப் பக்கத்தை நம்பி வாழ்வது. ஒரு சொல்லைத் தனி வரியில் நிறுத்திக் கவிஞன் ஒரு மௌனத்தை உண்டாக்குகிறான். கருவியோ எந்தச் சொல்லையும் அவ்வாறே நிறுத்திவிடுகிறது. பக்கத்தைப் படம்போல் காட்டும் பிடிஎஃப் கோப்பில் வரி சிதையாது. ஆனால் பெரிதாக்கினால் பாதி வரி திரைக்கு வெளியே போய்விடுகிறது.

நம் வட்டத்து நண்பரொருவரின் கவிதையை இப்படித்தான் படித்தேன். அதன் இறுதியில் 'இல்லை' என்னும் சொல் தனித்து நின்றது. நெகிழ்ந்துபோய்த் தொலைபேசியில் அழைத்து, அந்தத் தனிச்சொல்லைப் பாராட்டினேன். "ஐயா, அது முந்தைய வரியில் அல்லவா இருக்கிறது?" என்றார். இருவரும் சிரித்தோம். தொலைபேசியை வைத்த பின் எனக்கு வெட்கமாக இருந்தது. நான் பாராட்டியது அவரை அன்று; கருவியை.

ஆகவே என் விருப்பம் இது: உரைநடைக்கு மின்னூல், கவிதைக்கு அச்சுநூல். ஆனால் அந்த அச்சுநூலை என்னால் படிக்க இயலாது. எனவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். கவிதையை மின்னூலாக்கும்போது, வழிந்து விழும் சொற்கள் சற்று உள்தள்ளி விழுமாறு அமைக்கச் சொல்லுங்கள். அது கவிஞன் செய்த முறிவு அன்று என வாசகன் அறிவான். அச்சிடும்போது எழுத்தைச் சற்றே பெரிதாக்குங்கள். இவை கைகூடும் வரை, மாதக் கூட்டத்தில் யாரேனும் ஒருவர் அச்சுநூலைப் பார்த்து எனக்கு வாசித்துக் காட்டுங்கள்.

வரி முடியும் இடத்தில் மட்டும் சற்றே நிறுத்துங்கள். நான் புரிந்துகொள்வேன்.