கிட் காரும் ஸ்பார்க் பிளக்கும்

இங்கிலாந்தில் மோட்டார்ப் பித்து உடையவர்களிடையே விந்தையான ஒரு வழக்கம் உண்டு. காரை முழு உருவில் வாங்காமல், உறுப்பு உறுப்பாகப் பெட்டிகளில் வாங்கி வந்து, வீட்டுக் கொட்டகையிலேயே பூட்டி முடிப்பார்கள். இதற்குக் கிட் கார் என்று பெயர். முழுக் காருக்கு விதித்திருந்த கொள்முதல் வரி இத்தகைய உறுப்புத் தொகுதிக்கு இல்லாமையால் ஐம்பதுகளில் இவ்வழக்கம் வேர் கொண்டது. காலின் சாப்மன் 1957-ல் வெளியிட்ட லோட்டஸ் செவன் இவ்வகையில் பெரும் புகழ் பெற்றது. 1973-ல் மதிப்புக் கூட்டு வரி வந்தபோது அந்தச் சலுகை மறைந்தது; வழக்கம் மறையவில்லை. அதே ஆண்டில் செவனை உருவாக்கும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் இத்தகைய கைவேலைக்கு அவ்வளவாக இடம் கொடுப்பதில்லை. ஆயினும் நாம் இன்று சொல்லப் போகும் செய்திகளிற் பல நேயர்களின் ஸ்கூட்டருக்கும் பொருந்துவனவே.

தொழிற்சாலையில் முழுமை பெற்று வரும் காருக்கு இன்ன பிளக் வேண்டும் என்பதை அதனுடன் வரும் கையேடு சொல்லிவிடும். கிட் காரின் கதை வேறு. அதிலுள்ள எஞ்சின் பெரும்பாலும் மற்றொரு வண்டியிலிருந்து வந்தது. போர்டு குடும்பக் கார் ஒன்றில் சாதுவாக உழைத்துக்கொண்டிருந்த 1600 சி.சி. எஞ்சின் என்று வைத்துக்கொள்வோம். புதிய உரிமையாளர் அதன் கேம் ஷாப்டை மாற்றுகிறார். சிலிண்டர் ஹெட்டின் அடிமுகத்தை இழைத்து அழுத்த விகிதத்தை உயர்த்துகிறார். இரண்டு வெபர் கார்புரேட்டர்களைப் பூட்டுகிறார். பழைய கையேட்டை எழுதியவர் கனவிலும் காணாத எஞ்சின் அது. எனவே பிளக்கைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உரிமையாளர் தலையில் வந்து விழுகிறது. அதில் பிசகினால் பறிபோவது எஞ்சினே.

ஸ்பார்க் பிளக் செய்யும் வேலை என்ன? பல்லாயிரம் வோல்ட் மின்சாரத்தைச் சிலிண்டருக்குள் கொண்டுபோய், ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள இடைவெளியிற் பொறியாகத் தாவச் செய்வது என்பர். நிமிஷத்துக்கு 6,000 சுற்றுச் சுழலும் நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு பிளக்கும் விநாடிக்கு 50 முறை இவ்வாறு பொறி விடுகிறது. ஆனால் இதற்கு இணையான இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. தன் மூக்கின் உஷ்ணத்தை ஓர் எல்லைக்குள் அது காத்துக்கொள்ள வேண்டும். மூக்கு என்றது, நடு மின்முனையைச் சூழ்ந்துள்ள வெள்ளைப் பீங்கானின் நுனியை. அது ஏறத்தாழ 500 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இருந்தால் அதன்மேல் கரி படியும். கரி மின்சாரத்தைக் கடத்துமாதலால், பொறி தாவாமல் மின்சாரம் கரியின் வழியே கசிந்து போகும். 500 டிகிரியைத் தாண்டினால் கரி தானே எரிந்து மூக்குத் துப்புரவாகும். 900 டிகிரியை நெருங்கினாலோ ஆபத்து. உரிய நேரத்தில் பொறி வருமுன்பே, கங்கு போலக் கனலும் மூக்கு கலவையைக் கொளுத்திவிடும். பிஸ்டன் மேலேறி வருகையிலேயே எரிவாயுவின் அழுத்தம் அதனை எதிர்த்து நிற்கும். அலுமினியக் கலவையாலான பிஸ்டனின் தலையில் ஓட்டை விழ அதன்பின் சில விநாடிகளே போதும்.

இந்தத் தொல்லையைப் பந்தயக்காரர்கள் ஆதியிலேயே அறிந்திருந்தனர். கெனெல்ம் லீ கின்னஸ் என்ற பந்தய வீரர், கடையில் விற்ற பிளக்குகள் தம் எஞ்சினுக்குத் தாளவில்லை என்று கண்டு, அப்பிரகத் தகடுகளை மின்காப்பாக வைத்துத் தாமே பிளக்குகளைச் செய்யத் தொடங்கினார். கே.எல்.ஜி. என்ற அவருடைய பெயரின் முதலெழுத்துக்களே அந்தப் பிளக்கின் பெயராயின. 1922-ல் புரூக்லண்ட்ஸ் தடத்தில் மணிக்கு 133 மைலுக்கு மேல் ஓட்டி உலக சாதனை படைத்தவரும் அவரே.

பிளக்குகளைச் ‘சூடான பிளக்’ என்றும் ‘குளிர்ந்த பிளக்’ என்றும் பிரித்துப் பேசுவது தொழில் மரபு. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொற்கள் சற்றுச் சங்கடம் தருகின்றன. கேட்பவர் சூடான பிளக் என்றால் சூடான பொறி விடுவது என்று எண்ணக்கூடும். பொறிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. மூக்கு நீளமாயிருந்தால் அது வாங்கிய உஷ்ணம் உலோக உடலைச் சேர நெடுந்தூரம் போகவேண்டும்; ஆகவே நுனி சூடாகவே இருக்கும். அது சூடான பிளக். மூக்கு குட்டையாயிருந்தால் உஷ்ணம் விரைந்து இறங்கிவிடும். அது குளிர்ந்த பிளக். எஞ்சின் எவ்வளவு கடுமையாக உழைக்கிறதோ அவ்வளவு குளிர்ந்த பிளக் அதற்கு வேண்டும்.

இந்த நிலையைக் குறிக்கும் எண் பிளக்கின் மேலேயே பொறித்திருக்கும். என்.ஜி.கே. பிளக் ஒன்றில் பி.பி.6இ.எஸ். என்று காண்கிறோம். முதல் எழுத்து மரையின் விட்டம் 14 மில்லிமீட்டர் என்கிறது. இரண்டாவது, மூக்கு வெளியே நீண்டிருப்பதைச் சொல்கிறது. 6 என்பது உஷ்ண நிலை. ‘இ’ என்பது மரையின் நீளம் 19 மில்லிமீட்டர் என்பதற்கு அடையாளம். இதில் எண் கூடக் கூடப் பிளக் குளிர்ச்சி பெறும். டென்சோவிலும் அப்படியே. பாஷ், சாம்பியன் கம்பெனிகளின் எண்களோ நேர் எதிர். எண் கூடினால் சூடு கூடும். ஒரு கம்பெனியில் 7-ஆம் எண் நன்றாக உழைத்தது என்று மற்றொரு கம்பெனியின் 7-ஐக் கேட்டு வாங்குபவர் பிஸ்டனைப் பணயம் வைக்கிறார். ஒப்பீட்டு அட்டவணையைப் பாராமல் கம்பெனி மாற்றுவது தகாது.

மரையின் நீளமும் அற்பமான விஷயமன்று. நீளம் மிகுந்தால் பிஸ்டனோ வால்வோ பிளக்கை இடிக்கும். குறைந்தால் ஹெட்டில் வெறுமையாக நிற்கும் மரையில் கரி அடைந்து, பின்னால் சரியான பிளக்கைப் பூட்டும்போது மரையைக் கெடுக்கும். இரிடியம் முனையுள்ள விலையுயர்ந்த பிளக்குகளைப் பலர் ஆவலுடன் வாங்குகிறார்கள். அவை நீண்டநாள் உழைக்கும், மெலிந்த முனையாதலால் எளிதிற் பொறி விடும் என்பது மெய். குதிரைச் சக்தியை அவை கூட்டும் என்பது விளம்பரம். ட்யூனிங் முடியும் வரை சாதாரணப் பிளக்கே போதும் என்பது நம் கருத்து. அடிக்கடி கழற்றி மாற்றவேண்டிய காலம் அது. கம்ப்யூட்டர் கட்டுப்பாடு வைத்த எஞ்சினுக்கு மாத்திரம் ரெசிஸ்டர் உள்ள பிளக் கட்டாயம். இல்லையேல் பொறியின் மின்னிரைச்சல் சென்சார்களைக் குழப்பிவிடும்.

எந்த நிலையிலிருந்து தொடங்குவது? அடிப்படை எஞ்சினுக்கு உரிய எண்ணை எடுத்துக்கொண்டு, சக்தியைக் கணிசமாக உயர்த்தியிருந்தால் அதைவிட ஒரு படி குளிர்ந்ததைப் பூட்டித் தொடங்குவது விவேகம். குளிர்ச்சி மிகையானால் எஞ்சின் இருமும், திக்கும். பிளக்கைத் துடைத்துச் சரி செய்யலாம். சூடு மிகையானால் திருத்த அவகாசமே கிடைக்காது.

இனி வண்டியைச் சித்தம் செய்யும் வேலை. ட்யூனிங் என்பது காரின் சக்கரங்களை உருளைகளின்மேல் நிறுத்தி, எஞ்சினை முழுச் சுமையில் ஓட்டி, பொறியின் நேரத்தையும் பெட்ரோலின் அளவையும் சீர் செய்வது. அங்கே காசு மணிக் கணக்கில் கரையும். எஞ்சினிலுள்ள குறை தீராமல் அங்கே போனால், குறைக்கு ஏற்பக் கலவையைச் சீர் செய்துகொண்டு திரும்புவோமே ஒழிய எஞ்சினுக்கு ஏற்ப அன்று. வால்வு இடைவெளி, நாலு சிலிண்டர்களின் அழுத்தம் பத்து சதவீதத்துக்குள் ஒத்திருத்தல், காற்று கசியாத இன்லெட் மேனிபோல்டு, புகை கசியாத எக்ஸாஸ்டு ஆகியவற்றை முதலிற் பார்த்துவிட வேண்டும். எக்ஸாஸ்டில் ஒரு சிறு துவாரம் இருந்தால் வெளிக் காற்று புகுந்து, கலவையிற் பெட்ரோல் குறைவு என்று கருவி பொய்ச் சாட்சி சொல்லும்.

கிட் காருக்கே உரிய ஒரு நோய் எர்த்துத் தொல்லை. சாதாரணக் காரின் உடல் முழுதும் எஃகு. மின்சாரம் எங்கும் திரும்பி வரும். கிட் காரின் உடல் பெரும்பாலும் கண்ணாடியிழை, அது மின்சாரத்தைக் கடத்தாது. சேஸிஸின் மேலே அழகுக்காகப் பூசிய வர்ணமும் கடத்தாது. எஞ்சினோ ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தடித்த எர்த்துக் கம்பி ஒன்றை எஞ்சினிலிருந்து சேஸிஸுக்கு, வர்ணத்தைச் சுரண்டிய இடத்தில், பூட்ட வேண்டும். அதை மறந்தால் ஸ்டார்ட்டரின் மின்சாரம் ஆக்ஸிலரேட்டர் கம்பி வழியாக ஓடி அதைப் பொசுக்கிவிடுவதும் உண்டு.

மற்றொன்று சிரிப்புக்கிடமானது. கால்மிதியை ஒருவர் முழுக்க அழுத்த, மற்றொருவர் கார்புரேட்டரின் வாயைப் பார்க்க வேண்டும். மிதி தரையைத் தொட்டபின்னும் திராட்டில் முக்காலே திறந்திருக்கும் வண்டிகள் அநேகம். சக்தி போதவில்லை என்று கேம் ஷாப்டை மாற்றியவருக்கு அரை அங்குலக் கம்பிதான் குறைவாயிருந்திருக்கும்.

பெட்ரோல் விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். பிரிட்டனில் 2021 முதல் சாதாரணப் பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனாலிற் பிராணவாயு அடங்கியிருப்பதால் எரிபொருளின் அளவு சிறிது கூடவேண்டும். ஆகவே நாள்தோறும் எதை ஊற்றப் போகிறோமோ அதையே ஊற்றிக்கொண்டு ட்யூனிங்குக்குச் செல்ல வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் புதிய பிளக்குகளைப் பூட்டி, முழுச் சுமையிற் சிறிது நேரம் ஓட்டி, அதே வேகத்தில் கிளச்சை மிதித்துச் சாவியை அணைத்துவிட வேண்டும். மெல்ல ஊர்ந்து வீடு வந்து பிளக்கைக் கழற்றினால் நடுவழியிற் படிந்த புகைதான் தெரியும். மூக்கு வெளிறிய பழுப்பாயிருந்தால் நிலை சரி. கறுத்துப் புகை அப்பியிருந்தால் பெட்ரோல் மிகுதி, அல்லது பிளக் மிகக் குளிர்ந்தது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் உடனே நிறுத்த வேண்டும். பீங்கானில் வெள்ளியைத் தெளித்தாற்போலப் பொடிப்பொடியாய்த் தெரிந்தால் அது பிஸ்டனின் அலுமினியம். ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த நாளில் இந்த நிறங்கள் பளிச்சென்று தெரிந்தன. பிரிட்டனிலும் நம் நாட்டிலும் அது 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் விலக்கப்பட்ட பின், மூக்கின் அடிவரை பூதக்கண்ணாடி வைத்தே பார்க்கவேண்டியிருக்கிறது.

வார நாட்களிற் கடைவீதிக்கும், விடுமுறையிற் பந்தயத் தடத்துக்கும் ஒரே வண்டியை ஓட்டுபவர், தடத்துக்கென ஒரு படி குளிர்ந்த நாலு பிளக்குகளை, இடைவெளியை அளந்து வைத்து, தனி டப்பாவில் வைத்திருப்பது நலம். மாற்றும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும்; சூட்டோடு திருகினால் அலுமினிய ஹெட்டின் மரை பிளக்கோடு வந்துவிடும். புதிய பிளக்கை விரலால் முடிந்தவரை திருகி, பிறகு ஸ்பானரால் அரைச் சுற்று அல்லது சிறிது கூடுதல், அவ்வளவே.