கவலையும் அழற்சியும்

ஃபீனிக்ஸ் பே துறையில் சற்று நேரம் நின்று பார்ப்பவர்களுக்கு, காத்திருத்தல் என்பது அந்தமான் வாழ்க்கையில் எவ்வளவு பெரிய பகுதி என்பது விளங்கும். ஹேவ்லாக், நீல் ஆகிய தீவுகள் 2018-இல் சுவராஜ் தீவு, ஷகீத் தீவு எனப் பெயர் பெற்றன. அவற்றிற்குச் செல்லும் கப்பல்களை எதிர்நோக்கி, மூட்டை முடிச்சுகளோடு குடும்பங்கள் இத்துறையில் அமர்ந்திருக்கின்றன. சென்னைக்குச் செல்லும் கப்பலோ ஏறத்தாழ மூன்று நாட்கள் எடுத்துக்கொள்ளும். தாயாருக்கு உடல்நலமில்லை என்ற செய்தி வரும் நாளில் புயலும் வந்துவிட்டால், அக்காத்திருத்தல் எத்தகையது என்பதை, தாயகத்தை விட்டு எந்த மாநிலத்தில் வாழும் தமிழரும் உணர்வர்.

இத்தகைய கவலை சில நாட்களில் தீருமாயின் கேடில்லை. ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்பொழுது அது மனத்தோடு நின்றுவிடுவதில்லை. இரத்தத்திலும் மூளையிலும் தன் சுவட்டைப் பதிக்கின்றது. அதனைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றோம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு முதலில் சொல்லின்மீதே கண் செல்கின்றது. அழல் என்றால் நெருப்பு; அதனின்று பிறந்தது அழற்சி. இதற்கு நேரான இலத்தீன் சொல்லும் தீயினின்றே பிறந்தது. உரோம நாட்டுச் செல்சஸ் முதல் நூற்றாண்டிலேயே அதன் நான்கு அடையாளங்களைக் கூறினார்: சிவத்தல், வீங்குதல், வெம்மை, வலி. அரிவாள்மணையில் விரல் பட்டுவிட்டால் இந்நான்கையும் காண்கின்றோம். வெள்ளணுக்கள் அங்கே திரண்டு, கிருமிகளை அழித்து, புண்ணை ஆற்றத் தொடங்குகின்றன. ஆகவே அழற்சி நமக்குக் காவலனே. வேலை முடிந்த பின்னும் அணையாதிருப்பதுதான் தொல்லை.

அதனை அணைக்கும் பொருள்களுள் முதன்மையானது கார்ட்டிசால். அச்சமோ கவலையோ எழுந்தவுடன் மூளை கட்டளையிட, சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் இதனைச் சுரக்கின்றன. அப்படியாயின் கவலைப்படுவோருக்கு அழற்சி குறைய வேண்டுமன்றோ? குறுகிய காலத்தில் பெரும்பாலும் அப்படியே. ஆனால் கவலை ஓயாது தொடரின், வெள்ளணுக்கள் கார்ட்டிசாலின் சொல்லுக்குச் செவிசாய்ப்பதை விட்டுவிடுகின்றன. நாள் முழுதும் அதட்டும் மேலதிகாரியின் குரல் அலுவலகத்தில் யார் காதிலும் ஏறாமற் போவதைப் போன்றது இது!

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 1995-இல் ஓர் எளிய சோதனை நடந்தது. நினைவிழந்த உறவினரை நெடுங்காலம் பேணிவந்த பெண்கள் பதின்மூவர். அச்சுமை இல்லாத, ஒத்த வயதினர் பதின்மூவர். அனைவர் கையிலும் ஒரே அளவான சிறு புண் உண்டாக்கப்பட்டது. சுமையற்றோருக்குச் சராசரியாக 39 நாட்களில் ஆறிய புண், பேணுவோருக்கு ஆற ஏறத்தாழ 49 நாட்கள் ஆயின. பின்னர் 2003-இல் அதே ஆய்வாளர் குழுவினர், இத்தகையோரின் இரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 என்னும் அழற்சிப் பொருள், மற்றவர்களுக்கு உயர்வதைப்போல் நான்கு மடங்கு விரைவில் உயர்வதைக் கண்டனர்.

மூளையும் இதற்கு விலக்கன்று. காய்ச்சலில் படுத்திருக்கும்பொழுது உணவில் விருப்பமின்மை, எவரோடும் பேச மனமின்மை, சோர்வு ஆகியவை நேர்கின்றனவல்லவா? அவை கிருமியின் செயலல்ல. அழற்சிச் செய்தி மூளையை அடைந்ததன் விளைவு. கல்லீரல் நோய்க்கும் சில புற்றுநோய்களுக்கும் இன்டர்ஃபெரான் ஊசி போடப்பட்டவர்களுள் பலருக்கு, முன்பு இல்லாத மனச்சோர்வு தோன்றியது இதற்குத் தக்க சான்று. கவலை அழற்சியை வளர்க்க, அழற்சி மனத்தைச் சோர்வுறச் செய்ய, இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன.

நம் தீவுகளுக்கு இது ஏட்டுச் செய்தியன்று. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நிக்கோபார்த் தீவுகளைச் சூறையாடியது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்ந்திருந்த நம்மவரும் அதில் சிக்குண்டனர். பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவன மருத்துவர்கள் இங்கு வந்து, முகாம்களில் தங்கியிருந்தோரின் மனத்துயரைக் கேட்டு மருத்துவம் செய்தனர். உடைந்த எலும்பைப் போலவே உடைந்த மனத்திற்கும் முகாமில் இடம் உண்டென்பதை அன்று கண்டோம். நிக்கோபாருக்குத் தெற்கே கடலுக்கு அப்பால் உள்ள ஆச்சே பகுதியில், அதே அலையைக் கண்ட பெண்களின் தலைமுடி பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் ஆராயப்பட்டது. முடியில் கார்ட்டிசால் படிகின்றது. அலை தாக்கிய ஊர்ப் பெண்களுக்கு அது மற்றவர்களைவிடக் குறைவாயிருந்தது. அதிர்ச்சி நெடுநாள் நீங்காதவர்களுக்கு இன்னும் குறைவு. சுரக்கும் அமைப்பே களைத்துவிட்டது என்று 2023-இல் வெளியான அவ்வாய்வு கருதுகின்றது.

எல்லா நோய்க்கும் கவலையே காரணம் என்று கூறிவிடுதல் தகாது. புகையிலை, உடற்பருமன், ஈறுநோய் ஆகியவையும் அழற்சியை உயர்த்துவன. நோயாளியைப் பார்த்து, ‘வீணாகக் கவலைப்படாதே’ என்று கடிந்துகொள்வதும் மருந்தாகாது. தூக்கம் கெட்டால் அழற்சி ஏறும். நாள்தோறும் நடந்தால் இறங்கும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. சோர்வும் உறக்கமின்மையும் வாரக்கணக்கில் நீடிப்பின், இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்கும் காட்டுவது போலவே மருத்துவரிடம் காட்ட வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் தொலைபேசி எண்ணை இத்தீவுகளிலிருந்தும், வேறெந்த மாநிலத்திலிருந்தும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.