ஒரே நாள், இரு நீதி!

தோழர்களே! மன்றத்திலே கூடியிருந்தோரிடம் கூறியதை, ஏட்டிலே காணும் உங்களிடமும் கூறுகிறேன். நாடகம் எழுதிப் பழகியவன் நான். எதையும் காட்சியாக்கிப் பார்ப்பது என் வழக்கம். ஆகவே, ஒரே நாளில் நடைபெற்ற இரண்டு காட்சிகளை உங்கள் முன் வைக்கிறேன். நாடு, அமெரிக்கா. நாள், 2009ஆம் ஆண்டு ஏப்ரல் 30.

முதற் காட்சி, நியூயார்க் நகரத்துத் திவால் நீதிமன்றம். கிரைஸ்லர் எனும் மாபெரும் மோட்டார் நிறுவனம், கடனைக் கட்ட இயலவில்லை என்று மனுப் போடுகிறது. நாம் சொல்வோமே, மஞ்சள் கடுதாசி, அதை நீட்டுகிறது. சட்டம் கைகொடுக்கிறது. கடன் கொடுத்தோர் தடுத்து நிறுத்தப்படுகின்றனர். கடன் திருத்தி எழுதப்பட வழி பிறக்கிறது.

இரண்டாம் காட்சி, வாஷிங்டன் நகரத்துச் செனட் சபை. குடியிருக்கும் வீட்டை அடமானம் வைத்துவிட்டு, ஏலத்துக்கு அஞ்சி நிற்கும் குடும்பத்தின் கடனையும் திவால் நீதிபதி திருத்தி எழுதலாமா? எழுதலாம் என்றது டர்பின் என்ற உறுப்பினர் கொணர்ந்த திருத்தம். ஆதரவு 45, எதிர்ப்பு 51. திருத்தம் தோற்றது!

ஆலைக்குத் திறந்த கதவு, அடுப்பங்கரைக்கு ஏன் அடைபட்டது? சட்டத்தையே புரட்டிப் பார்ப்போம், வாருங்கள்.

அந்நாட்டுத் திவால் சட்டத்தின் 13ஆம் அத்தியாயம், மாத வருவாய் உள்ள குடும்பத்துக்கானது. மனுப் போட்டதும் ஏலம் நிறுத்தப்படும். தவறிய தவணைகளை மூன்று முதல் ஐந்தாண்டுத் திட்டத்திலே சிறுகச் சிறுகக் கட்டலாம். நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால், நடப்புத் தவணையையும் பழைய வட்டிப்படியே கட்டியாக வேண்டும். ஏறிய வட்டியே குடும்பத்தை வீழ்த்தியிருப்பினும், அதைக் குறைக்க நீதிபதிக்கு அதிகாரம் இல்லை. 1978இல் இயற்றப்பட்ட சட்டம், குடியிருக்கும் வீட்டை மட்டுமே ஈடாகக் கொண்ட கடனைத் தொடாதே என்று கட்டளையிட்டுவிட்டது. வீட்டின் விலை கடனுக்குக் கீழே சரிந்தாலும் அசலைக் குறைக்கலாகாது என்று, 1993இல் நோபல்மன் வழக்கிலே உச்ச நீதிமன்றமும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தது.

ஓர் உதாரணம் காண்போம். கடன் 2,00,000 டாலர். வீட்டின் இன்றைய விலை 1,20,000 டாலர். அது ஒருவர் கோடைக்குச் சென்று களித்திருக்கும் இரண்டாவது வீடாக இருப்பின், ஈட்டுக்கடன் 1,20,000தான் என்று நீதிபதி கூறலாம்; மிச்சத்தை ஈடில்லாக் கடன்களோடு சேர்க்கலாம். அது பிள்ளைகுட்டிகளோடு குடியிருக்கும் ஒரே வீடாக இருப்பின், 2,00,000 டாலரும் வந்தாக வேண்டும்! ஓய்வெடுக்கும் கூரைக்கு இரக்கம் உண்டு. ஒண்டியிருக்கும் கூரைக்கு இல்லை.

"வாங்கிய கடனைக் கொடுக்காதே என்கிறாயா?" என்று கேட்பர். இல்லை, தோழர்களே! கொடுக்கத்தான் வேண்டும். வீட்டை ஏலமிட்டால் வங்கிக்கு என்ன கிடைக்குமோ, அந்த விலையை வீட்டுக்காரனே கட்டட்டும் என்பதுதான் வாதம்.

"அப்படியானால் வட்டி உயரும், கடன் கொடுப்போர் ஓடிவிடுவர்" என்றனர் வங்கியாளர்கள். அச்சம் முற்றிலும் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், 1986இல் உழவர்களுக்கென 12ஆம் அத்தியாயம் வகுத்து, பண்ணைக் கடனைத் திருத்த இடமளித்தார்களே! பண்ணைக்குக் கடன் கொடுக்க ஆளில்லாமலா போயிற்று? 2008 அக்டோபரிலே, ஆட்டங்கண்ட நிதி நிறுவனங்களைத் தாங்கிப்பிடிக்க 70,000 கோடி டாலர் வரை செலவிட அதே காங்கிரஸ் அனுமதி தந்ததே! அப்போது எங்கே போயிற்று, பட்ட கடனைப் பட்டவனே தீர்க்க வேண்டும் என்ற பாடம்?

நமக்குரிய பாடம் இனித்தான் இருக்கிறது. 2009 மார்ச்சிலே கீழ்ச்சபை இந்த ஏற்பாட்டை 234க்கு 191 என்று நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒபாமா ஆதரவு தெரிவித்திருந்தார். செனட்டிலும் அவர் கட்சிக்கே பெரும்பான்மை. ஆயினும், அக்கட்சியினர் சிலரே எதிர்த்து வாக்களித்தனர். எண்ணிக்கை இருந்தது, உறுதி இல்லை! மே 20இல் ஒரு சட்டம் கையெழுத்தாயிற்று. அதன் பெயர், குடும்பங்கள் தம் வீடுகளைக் காத்துக்கொள்ள உதவும் சட்டம். அந்தச் சட்டத்திலே, நீதிபதிக்குத் தரவிருந்த அதிகாரம் மட்டும் இல்லை!

எனவே தோழர்களே, ஒரு சட்டம் வரும்போது பெயரைக் கண்டு கைதட்டாதீர்கள். உள்ளே எந்த விதி இருக்கிறது, எந்த விதி எடுக்கப்பட்டது, எடுத்தபோது யார் கை உயர்ந்தது என்று பாருங்கள். நம்மவர் கை ஆயினும் கேளுங்கள்! அந்தக் கேள்வி உரிய நாளிலே உரத்து எழாததால்தான், இருக்கும் ஒரே வீட்டுக்கு அந்த நாட்டிலே இன்னும் அந்தக் கதவு திறக்கவில்லை.