வயிற்றுப் பசியும் மனப் பசியும்

(நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



திருவள்ளுவனார் ‘மருந்து’ என்னும் அதிகாரத்திலே மூலிகை ஒன்றன் பெயரையேனும் கூறினாரல்லர். உண்ணும் முறையையே பெரிதும் வற்புறுத்தினார். அம்முறையைக் கைக்கொள்ள வேண்டின், முதற்கண் பசியை அறிதல் வேண்டும்.

பசி இருவகைத்து. வயிற்றில் எழும் பசி மெல்ல வளரும்; மோருஞ் சோறுங் கிடைப்பினும் அடங்கும். மனத்தில் எழுவதோ சடுதியில் தோன்றி, இனிப்பையோ முறுக்கையோ குறித்துக் கேட்கும், உண்டபின்னும் அடங்காது. துயரமோ, சினமோ, தனிமையோ, இளைப்போ பசிவேடம் பூண்டு வந்தது அதுவென்க.

நம் இல்லங்களை நோக்குவோம். அழுங் குழந்தையைக் காரணம் வினவாது மிட்டாய் கொடுத்து அடக்குகின்றோம். கடுஞ்சொற் கேட்ட மருமகள் சோற்றின்மேற் கோபங்கொண்டு பட்டினி கிடந்து, நள்ளிரவில் அடுக்களையிலே தனியே வாரி உண்கின்றாள். பெண்பார்க்க வந்தோர் ‘சற்றுப் பருமன்’ என்றமையால் உணவைத் துறக்கும் பெண்மக்களும் உளர்.

பட்டினியால் மனம் அடங்குமோ? அமெரிக்காவில் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்து ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர், 1944-45இல், இசைந்து வந்த இளைஞர் 36 பேர்க்கு ஆறு திங்கள் ஏறத்தாழ அரை உணவே அளித்துச் சோதித்தார். அவர்தம் சிந்தை முழுவதும் உணவாயிற்று. சமையல் நூல்களை விரும்பிப் படித்தோரும் உளர். சினமுஞ் சோர்வும் மிக்கன. மீண்டும் உணவு பெற்றபோது, வயிறு நிறைந்தும் மனம் நிறையாது உண்டனர் சிலர். உடலை ஒறுத்தல் மனத்தை உணவோடு பிணித்துவிடும் என்பது இதனாற் பெறப்படும்.

ஆதலின், உண்ணப் புகுமுன் ‘இப்பசி வயிற்றினதோ, மனத்தினதோ?’ என்று நம்மை நாமே வினவுவோம். மனத்தினதாயின் அதற்குரிய உணவை அளிப்போம்: துயரை நம்பினோரிடம் கூறுவோம், இளைத்தாற் சிறிது துயில்வோம், அழுகை வரின் அழுவோம். ஒருநாள் மிகுத்து உண்டமைக்காக நம்மை நாமே இகழ்தலும், மறுநாள் பட்டினி கிடத்தலும் வேண்டா. வேளை தவறாது உண்போம். உண்ணாமையோ மிகையூணோ நீடிக்குமாயின் அது நோயாதலுங் கூடும். மருத்துவரை நாடுதற்கு நாணுதல் தகாது.

இல்லத் தலைவர்கட்கு ஒரு விண்ணப்பம். கடன் கணக்கையும் பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் இலைமுன் எடுத்தல் வேண்டா. பரிமாறினவள் எஞ்சியதை நின்றவாறே விழுங்கும் வழக்கம் இன்றோடு ஒழிக. அவளுக்கும் ஓர் இலை இடுக. அவள் உண்டு எழுமளவும் உடனிருந்து இன்சொற் கூறுக.