மீதி 108 வோல்ட் எங்கே போனது?
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

பெரிய தத்துவம் எதுவும் பேசப்போவதில்லை. நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். நீங்கள் செய்யாமல் இருந்தால் போதும்.

படிப்பு முடிந்ததும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், கண்ட்ரோல் பேனல் செய்யும் ஒரு சிறு பட்டறையில் சேர்ந்தேன். தினமும் ஆவடியில் ரயிலேறி, பட்டரவாக்கத்தில் இறங்கி நடை. முதல் பொறுப்பாக, 110 வோல்ட் டி.சி.யில் எரியும் சிவப்பு எல்.ஈ.டி. விளக்குகளை அமைக்கச் சொன்னார்கள். எல்.ஈ.டி.க்கு 2 வோல்ட், சுமார் 10 மில்லி ஆம்பியர். பெருக்கினால் 20 மில்லி வாட். 'அட, இவ்வளவுதானே!' என்று தொடரில் 10 கிலோ ஓம், கால் வாட் ரெசிஸ்டரைப் போட்டேன். மின்சாரம் கொடுத்த சற்று நேரத்தில் கருகல் வாசனை!

போர்மேன் அண்ணன் வந்து பார்த்தார். "தம்பி, எல்.ஈ.டி. நல்லாத்தான் இருக்கு. மீதி 108 வோல்ட் எங்க போச்சுன்னு பார்த்தீங்களா?" என்றார். எனக்குத் தலைகுனிவு.

கணக்கைப் பாருங்கள். 108 வோல்ட்டை 10 கிலோ ஓமால் வகுத்தால் 10.8 மில்லி ஆம்பியர். எல்.ஈ.டி. எடுப்பது 22 மில்லி வாட். ரெசிஸ்டர் எடுப்பதோ 1.17 வாட். கால் வாட் ரெசிஸ்டர் தாங்குமா? அன்றிரவே எல்லாவற்றையும் 3 வாட்டாக மாற்றினோம்.

எல்.ஈ.டி. ஓம் விதிக்கு அடங்காது. அழுத்தம் சிறிது கூடினாலே மின்னோட்டம் பல மடங்காகும். அதற்கென நிலையான மின்தடை கிடையாது. ஆகவே மின்தடையை வைத்துத் திறன் காணும் சூத்திரத்தை அதனிடம் கொண்டு போகாதீர்கள். அந்தக் கணத்தின் அழுத்தத்தை, அந்தக் கணத்தின் மின்னோட்டத்தால் பெருக்குங்கள். இது எந்தப் பொருளுக்கும் பொருந்தும். துல்லியம் வேண்டுமா? எல்.ஈ.டி.யின் வளைகோட்டையும் ரெசிஸ்டருக்கான நேர்கோட்டையும் ஒரே வரைபடத்தில் வரையுங்கள். இரண்டும் வெட்டும் புள்ளியே விடை.

பழைய 60 வாட் குண்டு பல்பும் இப்படித்தான். அணைந்திருக்கும்போது மல்டிமீட்டர் சுமார் 70 ஓம் காட்டும். அதை நம்பி 230 வோல்ட்டுக்குக் கணக்கிட்டால் 750 வாட்டுக்கு மேல் வரும்! எரியும்போது இழை சூடேறி, தடை 880 ஓமை எட்டுகிறது. ஏ.சி.யில் எரியும் இன்றைய எல்.ஈ.டி. பல்புக்கோ, இரு மீட்டர்களின் அளவைப் பெருக்கினால் வாட் வராது. வாட் மீட்டர்தான் வேண்டும்.

மாணவச் செல்வங்களே, விடை வந்ததும் பேனாவை மூடிவிடாதீர்கள். சுற்றில் உள்ள ஒவ்வொன்றின் திறனையும் கூட்டி, மூலம் தரும் திறனோடு ஒப்பிடுங்கள். என் சுற்றில் அது 1.19 வாட். நான் முதலில் கணக்கிட்டதோ 0.02. அந்த ஒரு கூட்டலைச் செய்திருந்தால் அன்று கருகல் வாசனை வந்திருக்காது.