பித்தப்பை அகற்றியபின் பேணுதலும் பரிவும்

 

பித்தப்பைக் கல்லுக்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோர் நம் மஹல்லாவில் பலர் உள்ளனர். கல் போயிற்று, இனிக் கவலையில்லை என்று எண்ணி வீடு திரும்புகிறோம். ஆனால் நம்மில் சிலருக்கு, விருந்துண்டு எழுந்த சிறிது நேரத்திலேயே வயிற்றுப்போக்கும் உப்புசமும் தொடங்கிவிடுகின்றன. வெட்கத்தால் எவரிடமும் சொல்வதில்லை. இடையில் ஒளு முறிந்துவிடுமோ என்றஞ்சி ஜமாஅத் தொழுகைக்கு வருவதையே குறைத்துக்கொண்டோரும் நம்மிடையே உண்டு. அவர்களுக்காகவே இவ்வுரை.

பித்தநீரைச் சுரப்பது கல்லீரலே. பித்தப்பை அதைச் சேமித்துச் செறிவாக்கும் பை மட்டுமே. கொழுப்புள்ள உணவு குடலை அடையும்போது அப்பை சுருங்கி, வேண்டிய பித்தநீரை ஒருசேர அனுப்பும். பை அகற்றப்பட்டபின் பித்தநீர் சிறிது சிறிதாகக் குடலில் வடிந்துகொண்டேயிருக்கும். ஆகவே அளவான உணவு எளிதில் செரிக்கும். ஒரே வேளையில் மிகுந்த கொழுப்பு சேர்ந்தால் தொல்லை தரலாம். பித்த அமிலங்கள் அதிகமாகப் பெருங்குடலைச் சென்றடைந்தால் வயிற்றுப்போக்கு உண்டாகும். 1882இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் என்ற மருத்துவர் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றினார். அவ்வுறுப்பு இன்றியும் மனிதர் நலமாக வாழ இயலும் என்பது அன்று முதல் கண்ட உண்மை. பெரும்பாலோருக்கு இத்தொல்லைகள் சில வாரங்களிலோ மாதங்களிலோ தணிந்துவிடும்.

அதுவரை சிறுகச் சிறுகப் பலமுறை உண்போம். பொரித்தவை, நெய், கொழுப்பு இறைச்சி ஆகியவற்றைக் குறைப்போம். வாழைப்பழம், ஓட்ஸ் போன்ற நார்ச்சத்துணவைப் படிப்படியாகக் கூட்டுவோம். எந்த உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்பதை ஏட்டில் குறித்து வருவோம். போக்கு நீடித்தால் மருத்துவரிடம் தயங்காது கூறுவோம். பித்த அமிலங்களைப் பிணைக்கும் மருந்துகள் உண்டு. மஞ்சள் காமாலை, குளிருடன் காய்ச்சல், வலப்புற மேல்வயிற்றில் கடும் வலி ஆகியவை தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. பித்தக்குழாயில் கல் தங்கியிருக்கக்கூடும்.

ரமளானில் நோன்பு நோற்பதுபற்றி மருத்துவரிடமும், நோயாளிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகைகள்பற்றியும் ஒளு குறித்த ஐயங்கள்பற்றியும் இமாம் அவர்களிடமும் கேட்டறிவோம். இஃப்தாரில் வடை, சமோசாவை விடுத்துப் பேரீச்சம்பழமும் நீரும் கஞ்சியும் கொண்டு நோன்பு திறப்பதில் குறையொன்றுமில்லை.

ஜமாஅத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வலீமா விருந்தில் ஒருவர் பிரியாணியைக் கொஞ்சமாக வாங்கிக்கொண்டால், "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்தாதிருப்போம். அவர் மறுப்பது விருந்தளித்தவரை அன்று. தம் உடல்நோவையே தவிர்க்கிறார். பள்ளியில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகையில் இறைச்சியும் எண்ணெயும் குறைந்த ஒரு சிறு பானையைத் தனியே வைப்போம். தொழுகையின் இடையே ஒருவர் எழுந்து சென்றால் திரும்பிப் பாராதிருப்போம். இச்சிறு பரிவினால் வீட்டோடு ஒதுங்கிய ஒரு சகோதரர் மீண்டும் நம் ஸஃப்பில் வந்து நிற்பார், இன்ஷா அல்லாஹ்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தை அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.