இரு கண்களும் ஒரு பார்வையும்

மன்னார்க் கடலிலே முத்துக் குளித்தவர்கள் நீரடியில் எவ்வளவு கண்டிருப்பார்கள்? கடலின் மேலிருந்து வியப்பவர்கள் நினைப்பதிலும் மிகக் குறைவாகவே கண்டிருப்பார்கள். சேவல் பார், மோதரகம் பார் முதலிய சிப்பிப் படுகைகள் அரிப்பு, சிலாவத்துறைக் கரைகளுக்கு மேற்கே கடலடியிற் கிடக்கின்றன. 1905ஆம் ஆண்டில் மறிச்சுக்கட்டியிலே பெருங்குடியிருப்பு எழுந்த சலாபத்தின்போது, ஏறக்குறைய எட்டுக் கோடிச் சிப்பிகள் கரை சேர்ந்தன. அத்தனையும் கைகளால் பொறுக்கப்பட்டவை. கல்லைப் பற்றி இறங்கிய குளிகாரனுக்கு அடிநிலம் மங்கிய நிழலாகவே தோன்றியது. கண் காட்டியதைக் காட்டிலும் விரல் கண்டுபிடித்ததே அதிகம்.

காரணம் எளிது. கண்ணின் முன்புறத்தில் இருக்கும் தெளிந்த படலமே, ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கைச் செய்கிறது. காற்றிலிருந்து வரும் ஒளிக்குத்தான் அந்த வளைவு பயன்படும். நீரும் அப்படலமும் ஒளியைச் செலுத்தும் தன்மையில் ஏறத்தாழ ஒத்திருப்பதால், நீருள் அது பெரும்பாலும் வேலையற்றுப் போகிறது. தாய்லாந்தின் மேற்குக் கரையில் வாழும் மோக்கன் என்னும் கடலோடிகளின் சிறுவர்கள், கண்மணியைச் சுருக்கி, வில்லையை முழுதும் வளைத்து, ஐரோப்பியச் சிறுவரைப்போல் இரு மடங்கு கூர்மையாக நீருள் பார்க்கிறார்கள் என்பது 2003ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்றால் தெரிய வந்தது.

இத்தனை பாடுபடும் கண்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று சமமானவையா? தோற்றத்தில் சமம்; தொழிலில் முற்றாகச் சமமல்ல. வலக்கைப் பழக்கமுடையவர் எழுதுகோலை வலக்கையில் எடுப்பது போல, மூளையும் குறி பார்க்கும் வேளையில் ஒரு கண்ணையே முன்னிறுத்துகிறது. அதனை ஆட்சிக் கண் எனலாம். இத்தாலியரான போர்த்தா 1593ஆம் ஆண்டிலேயே இதனை எழுதி வைத்தார். மக்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினருக்கு வலக்கண்ணே ஆட்சிக் கண்.

இதனை அறிவதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. தலைமன்னார்க் கரையில் நிற்பவர் இரு கைகளையும் முன்னே நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவே சிறு துவாரம் விட்டு, அதனூடே வெளிச்சவீட்டை இரு கண்களாலும் பார்க்கட்டும். பின்பு கண்களை மாறிமாறி மூடட்டும். எக்கண் திறந்திருக்கும்போது வெளிச்சவீடு துவாரத்தினுள்ளே நிலைத்திருக்கிறதோ, அதுவே ஆட்சிக் கண். மற்றக் கண்ணுக்கு வெளிச்சவீடு கையின் பின்னே மறைந்துவிடும். கடலில் நின்று கரையிலுள்ள பனையையும் கோபுரத்தையும் ஒரே நேரில் வைத்து இடங்குறிப்பவர், தாம் அறியாமலே இக்கண்ணைத்தான் நம்புகிறார். ஆயினும் இந்த ஆட்சி முடியாட்சி போன்றதன்று. தொலைவான இடப்புறத்தைப் பார்க்கும்போது இடக்கண்ணும், வலப்புறத்தைப் பார்க்கும்போது வலக்கண்ணும் முதன்மை பெறுவதும் உண்டு.

ஆட்சி செலுத்தும் கண்ணுக்குக் குருதியும் மிகுதியாகப் பாயுமோ என்று வினவுவது இயல்பே. அதிகம் உழைக்கும் தசைக்கு அதிகக் குருதி செல்கின்றது அல்லவா? ஆனால் இங்கே அந்த உவமை பொருந்தாது. ஆட்சிக் கண் மற்றக் கண்ணைவிட அதிகமாக ஒளியைப் பெறுவதில்லை. இரண்டும் ஒரே காட்சியை ஏற்று, ஒரே அளவாக உழைக்கின்றன. எதனை முன்னிறுத்துவது என்ற தேர்வு கண்ணுக்கு வெளியே, மூளையில் நடைபெறுவது. நல்ல கண்களிலே ஆட்சிக் கண்ணுக்குத் திட்டமாக மேலதிகக் குருதி கிடைக்கின்றது என்று நிறுவப்படவில்லை.

கண்ணின் குருதியோட்டமோ தனிச் சிறப்புடையது. விழித்திரையின் உட்பகுதிக்கு நடு நாடி ஒன்று குருதி ஊட்டுகிறது. ஒளியை உணரும் வெளிப்பகுதிக்கு, பின்னாலுள்ள குருதிக்குழாய்ப் படலம் ஊட்டுகிறது. கண்ணுக்குள் வரும் குருதியிற் பெரும்பகுதி இப்படலத்துக்கே சேருகிறது. நிறைக்கு நிறை பார்த்தால், உடலிலே இதற்கு நிகராகக் குருதி ஓடும் இடங்கள் மிகச் சில. விழித்திரைக் குழாய்களோ நரம்பின் கட்டளையின்றியே தம்மைத் தாமே சீர்ப்படுத்துவன. ஒட்சிசன் மிகும்போது சுருங்கும். காபனீரொட்சைட்டு மிகும்போது விரியும்.

இவ்வோட்டத்தை ஒருவர் தம் கண்ணாலேயே காணலாம். முகிலற்ற நீலவானத்தைச் சூரியனுக்கு முதுகு காட்டி நின்று சற்று நேரம் நோக்கினால், சின்னஞ்சிறு வெண்பொறிகள் வளைந்து வளைந்து விரைவதும், நாடித் துடிப்போடு அவை சற்றே உந்தப்படுவதும் தெரியும். கண் தன்னுள்ளே காணும் இத்தகைய காட்சிகளைப் பூர்க்கின்யே என்ற செக் அறிஞர் 1819ஆம் ஆண்டில் ஆராய்ந்தார். செங்குருதிக் கணங்கள் நீல ஒளியை விழுங்குகின்றன. வெண்கணம் கடக்குமிடத்தில் ஒளி தடையின்றிப் புகுகிறது. அதுவே பொறியாகத் தோன்றுகிறது. றீவா, பெட்றிக் என்ற இருவர் 1980ஆம் ஆண்டளவில் இதனைக் கொண்டே நுண்குழாய்களின் ஓட்டவேகத்தை மதிப்பிட வழி கண்டனர். மன்னாரின் வானம் இதற்கு மிகவும் ஏற்றது. பருவமழைக் காலம் நீங்கலாக.

குளிகாரருக்கு வருவோம். பத்து மீற்றர் ஆழத்தில் அமுக்கம் கரையிலுள்ளதன் இரு மடங்கு. வெறுங் கண்ணுடன் மூழ்குபவனுக்கு அது உடல் முழுவதும் ஒரே அளவாக அழுத்துவதால் கண் நசுங்குவதில்லை. மூக்கை மூடாத நீர்க்கண்ணாடி அணிந்தவனுக்கே இடர். உள்ளே அடைபட்ட காற்று சுருங்க, கண்ணின் மேற்பரப்புக் குழாய்கள் வீங்கி வெடித்து, வெண்விழி சிவந்து போகும். மூக்கையும் சேர்த்து மூடும் முகக்கண்ணாடியுள் மூக்கால் சிறிது காற்று விட்டால் இது நேராது. அட்டை, சங்கு தேடி இறங்கும் இளைஞர் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

இனி, இருகண் பார்வைக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்து. ஒரு கண்ணின் குருதியோட்டம் மெல்லக் குறைந்தால், அல்லது கண்ணமுக்கம் உயர்ந்து நரம்பு தேய்ந்தால், மற்றக் கண் அக்குறையை மறைத்துவிடும். ஆட்சியில்லாத கண் பழுதுபடின் மனிதன் மாதக்கணக்கில் அறியாமலே இருக்கலாம். தோணி ஓட்டலாம், வலை பின்னலாம், சந்தையில் மீன் நிறுக்கலாம். எதுவும் மாறியதாகத் தோன்றாது. நீரிழிவும் குருதி அமுக்கமும் உள்ளவருக்கு இது பெரிதும் பொருந்தும். ஆகவே இரு கண்ணாலும் நாட்காட்டியைப் படித்துவிட்டுத் திருப்தியடைவது போதாது. ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மறைத்து, மற்றதனால் படிக்க வேண்டும். பின் கை மாற்ற வேண்டும். இது வைத்தியப் பரிசோதனைக்கு மாற்றல்ல. நீரிழிவுடையோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கண் வைத்தியரைக் காணுதல் வேண்டும்.

நடு நாடி அடைபடுமாயின் நிலைமை வேறு. வலியே இல்லாமல் ஒரு கண்ணில் திடீரெனத் திரை விழுந்தாற்போல் இருள் கவியும். வலியில்லையே என்று மறுநாள் வரை காத்திருப்பவரே பலர். விழித்திரை குருதியின்றித் தாங்கும் காலம் சில மணித்தியாலங்களே. அத்துடன் இஃது மூளையின் நாடிக்கும் இடர் நேரக்கூடும் என்பதற்கு அறிகுறி. பேசாலையிலோ விடத்தல்தீவிலோ இருப்பவர், கண்ணில் மருந்து விட்டுப் பார்ப்போம் என்று தங்கிவிடாமல், அந்த வேளையிலேயே மன்னார் வைத்தியசாலைக்குப் புறப்பட வேண்டும்.